கொடைக்கானல் பயணத்தில் கஸ்ர்: நேரமா, தூரமா?

கொடைக்கானலில் விமான நிலையம் இல்லை. சென்னையிலிருந்து விமானத்தில் செல்வோர் சுமார் ஒரு மணி நேரத்தில் மதுரையில் இறங்கி, வத்தலக்குண்டு வழியாக இன்னும் 120 கி.மீ. போக வேண்டும். "ஒரு மணி நேரப் பயணத்துக்கும் கஸ்ர் உண்டா?" என்று பலர் கேட்கின்றனர்.

உண்டு. கணக்கு நேரத்தில் இல்லை, தூரத்தில்தான். ஷாஃபிஈ, ஹனஃபி இரண்டிலும் நம் உலமாக்கள் அதை ஏறத்தாழ 80 கி.மீ. என்கின்றனர். ஊர் எல்லையைக் கடந்ததும் லுஹர், அஸர், இஷா இரண்டிரண்டு ரக்அத். ஷாஃபிஈயில் சலுகை, ஹனஃபியில் வாஜிப். ஃபஜ்ரும் மக்ரிபும் சுருங்காது. உள்ளூர் இமாமின் பின்னால் நின்றால் நான்கும் தொழ வேண்டும்.

பழனியிலிருந்து கொடைக்கானலுக்கு மலைப்பாதையில் இரண்டு மணி நேரம் ஆகலாம். தூரமோ சுமார் 65 கி.மீ.தான். அவர்களுக்குக் கஸ்ர் இல்லை.