சூட்டை அடக்கினால் பாட்டு நிற்காது



லாபிஸ் வட்டாரத் தோட்டத்துக் கோயில்களில் திருவிழா என்றால் முதலில் காதில் விழுவது ஒலிபெருக்கிப் பாட்டுதான். இரவு நேரத்தில் அது திடீரென்று நின்றுவிட்டால், "டிரான்சிஸ்டர் எரிந்து விட்டது" என்பார்கள். புதியது ஒன்றை வாங்கிப் போடுவார்கள். சில நாளில் அதுவும் எரியும். ஏன்?

முதலில் டிரான்சிஸ்டர் செய்யும் வேலையைப் பார்ப்போம். 1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பார்டீன், பிராட்டைன் இருவரும் இதை முதன்முதலில் இயக்கிக் காட்டினார்கள். ஷாக்லியுடன் சேர்த்து மூவருக்கும் 1956இல் நோபல் பரிசு கிடைத்தது.

தண்ணீர்க் குழாயை நினைத்துக் கொள்ளுங்கள். திருகைத் திருப்பும் விரலுக்குப் பெரிய பலம் வேண்டியதில்லை. பாய்வதோ தொட்டித் தண்ணீர். அதுபோல, மைக்கிலிருந்து வரும் சிறிய மின்னோட்டம் பேஸ் என்ற முனையில் நுழைந்து, கலெக்டர் வழியாகப் பாயும் பெரிய மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைக்கிறது. 100 மடங்கு பெருக்கும் டிரான்சிஸ்டரில் 1 மில்லி ஆம்பியர் நுழைந்தால் 100 மில்லி ஆம்பியர் பாயும். அந்தச் சக்தி டிரான்சிஸ்டருக்குச் சொந்தமானது அல்ல, மின்வழங்கியிலிருந்து வருவது.

ஆனால் இந்தத் திருகு சுமார் 0.6 வோல்ட் கிடைத்த பிறகுதான் திறக்கும். ஒலி அலையின் மேல் பாதியை ஒரு டிரான்சிஸ்டரும் கீழ்ப் பாதியை இன்னொன்றும் சுமக்கின்றன. இரண்டும் மூடியிருக்கும் இடைவெளியில் ஒலி கரகரக்கும். அதைத் தவிர்க்க இரண்டையும் எப்போதும் சற்றுத் திறந்தே வைக்கிறார்கள்.

ஆபத்து இங்கேதான் இருக்கிறது. சூடு 1 டிகிரி ஏறினால், திறப்பதற்கு வேண்டிய வோல்ட் சுமார் 2 மில்லிவோல்ட் இறங்கும். 30 டிகிரி ஏறினால் 60 மில்லிவோல்ட். தடுப்பு எதுவும் இல்லாவிட்டால் மின்னோட்டம் ஏறக்குறைய பத்து மடங்காகும். மின்னோட்டம் கூடினால் சூடு கூடும், சூடு கூடினால் மின்னோட்டம் கூடும். முடிவில் டிரான்சிஸ்டர் எரியும். சில வேளைகளில் ஸ்பீக்கரையும் சேர்த்துக் கொண்டு போகும்.

"115 வாட் டிரான்சிஸ்டர்தானே போட்டோம்?" என்று கேட்கலாம். பழைய ஒலிபெருக்கிகளில் காணப்படும் 2என்3055க்கு அந்த அளவு உண்டு. ஆனால் அது உறையின் சூடு 25 டிகிரியில் இருக்கும்போது. 100 டிகிரியில் சுமார் 65 வாட்தான் தாங்கும். நம் ஊர் வெயிலில், மூடிய பெட்டிக்குள், 25 டிகிரிக்கு எங்கே போவது?

ஆகவே, மாற்றும்போது நான்கைக் கவனியுங்கள். அலுமினிய வெப்பத்தகடு பெரிதாக இருக்கட்டும். இடையில் மைக்கா தாளும் வெப்பப் பசையும் வேண்டும். ஏனென்றால் 2என்3055இன் உலோக உறையே கலெக்டர்தான். எமிட்டரில் உள்ள சிறிய மின்தடையை எடுத்துவிடக் கூடாது. சூட்டை உணரும் டயோடு தகட்டை ஒட்டியே இருக்க வேண்டும்.

மின்சாரத்தைத் துண்டித்த பின்னும் பெரிய கெப்பாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும். எனவே பெட்டியைத் திறப்பதைத் தொழில் தெரிந்தவரிடமே விடுங்கள். எரிந்ததை மாற்றுவது பாதி வேலைதான். எரித்த காரணத்தை மாற்றினால்தான் பாட்டு விடியும் வரை நிற்காது.