சூடேறினால் வெடிக்கும் பழைய பெட்ரோல் வண்டி: காரணத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

காலையில் வீட்டிலிருந்து எடுக்கும்போது வண்டியில் எந்தத் தொந்தரவும் இருக்காது. பதினொரு மணிக்கு மேல் வெயில் ஏறி, இரண்டு நடை போய் வந்த பிறகு திணற ஆரம்பிக்கும். ஆக்சிலரேட்டரை மிதித்தால் 'டப், டப்' என்று வெடிக்கும். ஒர்க்ஷாப்பில் கொண்டுபோய் நிறுத்தினால், மெக்கானிக் கையிலிருக்கும் வேலையை முடித்துவிட்டு வருவதற்குள் இன்ஜின் ஆறிவிடும். அவர் ஸ்டார்ட் செய்து பார்க்கும்போது வண்டி நன்றாகவே ஓடும். பிறகு ஊகம்தான். முதலில் பிளக், அடுத்த வாரம் காயில், அதற்கடுத்து கார்புரேட்டர் என்று மாற்றிக்கொண்டே போவார்கள். மூன்று பில் கட்டிய பின்னும் மதியம் வெடிப்பது நிற்காது.

வாடகைக்கு ஓட்டிப் பிழைக்கும் சகோதரர்களுக்கு இது பெரிய செலவு. அதைவிடக் கவலை தருவது தீ விபத்து. 1984-இல் வந்த மாருதி வேனில் (பின்னாளில் ஆம்னி) 796 சிசி இன்ஜின் முன் சீட்டுக்கு அடியிலேயே இருக்கிறது. கார்புரேட்டர் வைத்த பழைய ஆம்னிகள் இருபது வயதைத் தாண்டிவிட்டன. சரக்குக்கும், பள்ளிப் பிள்ளைகளுக்கும், பல ஊர்களில் ஆம்புலன்ஸாகவும் ஜனாஸா வண்டியாகவும் இன்னும் ஓடுகின்றன. காற்றோட்டம் குறைந்த அந்தப் பெட்டிக்குள் சூடு தங்கிவிடும். புளியங்குடியிலிருந்து எலுமிச்சை மூட்டை ஏற்றிக்கொண்டு, செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு மலைப்பாதையில் இரண்டாவது கியரில் ஊர்ந்து போகும் வண்டிக்குக் கேட்கவே வேண்டாம்.

முதலில் கவனிக்க வேண்டியது, சத்தம் எங்கிருந்து வருகிறது என்பது. முன்னால், ஏர் ஃபில்டர் பக்கம் வெடித்தால் சிலிண்டரில் எரிய வேண்டிய நெருப்பு கார்புரேட்டர் வழியாகத் திருப்பி அடிக்கிறது என்று பொருள். பெரும்பாலும் பெட்ரோல் குறைந்து காற்று மிகுந்த கலவைதான் காரணம். டைமிங் தவறியிருந்தாலும், உள்வால்வு சரியாக மூடாவிட்டாலும் இப்படி ஆகும். பின்னால் சைலன்ஸரில் வெடித்தால், சிலிண்டரில் எரியாமல் வந்த பெட்ரோல் சூடான குழாயில் தீப்பற்றுகிறது. அங்கே சந்தேகப்பட வேண்டியது மின்பொறியை. இறக்கத்தில் காலை எடுக்கும்போது மட்டும் சைலன்ஸரில் லேசாகப் பொரிந்தால் குழாய் ஜாயிண்ட்டில் காற்று இழுக்கிறதா என்று பார்த்தால் போதும். அது பெரும்பாலும் சூட்டோடு சம்பந்தப்பட்டதல்ல.

அடுத்தது, எப்போது வெடிக்கிறது என்பது. டீக்கடையில் பத்து நிமிடம் நிறுத்திவிட்டு மறுபடி எடுக்கும்போது திணறி, முன்பக்கம் வெடித்து, சிறிது தூரம் ஓடியதும் சரியாகிறதா? அப்படியானால் பெட்ரோல் கொதிக்கிறது. இன்ஜினை அணைத்ததும் தண்ணீர் ஓட்டமும் காற்றோட்டமும் நின்றுவிடுவதால் கார்புரேட்டரின் சூடு குறைவதற்குப் பதில் சிறிது நேரம் ஏறும். பம்பிலும் குழாயிலும் பெட்ரோல் ஆவியாகிவிட்டால் பம்ப் திரவத்துக்குப் பதில் ஆவியைத்தான் தள்ளும். இதைத்தான் வேப்பர் லாக் என்கிறோம். அம்பாசிடர் காலத்து டிரைவர்கள் கோடையில் பெட்ரோல் பம்பின்மேல் ஈரத்துணி சுற்றி ஓட்டியது இதற்காகத்தான். அந்தக் கைவைத்தியம் நல்ல பரிசோதனையும்கூட: வெடிக்கும் நேரத்தில் இன்ஜினை அணைத்து, பம்பில் மட்டும் ஈரத்துணி போட்டு, ஐந்து நிமிடம் கழித்து எடுத்துப் பாருங்கள். சரியாகிவிட்டால் காயிலுக்குக் காசு செலவழிக்க வேண்டாம். தண்ணீர் டிஸ்டிரிபியூட்டரிலும், சூடான மேனிஃபோல்டிலும் படக்கூடாது. சூடான வார்ப்பிரும்பு விரிசல் விட்டுவிடும்.

இன்னொரு பரிசோதனைக்குச் செலவே இல்லை. ஓட்டத்தில் முன்பக்கம் வெடிக்கும்போது சோக்கைக் கால்வாசி இழுத்துப் பாருங்கள். சோக் காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டும். உடனே வெடிப்பு நின்றால் கலவையில்தான் குறை. ஜெட் அடைப்பு, மேனிஃபோல்டு கேஸ்கட்டில் கசிவு, ஃப்ளோட் மட்டம் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். கசிவு இருக்கிறதா என்று அறியச் சூடான இன்ஜினில் கிளீனர் ஸ்ப்ரே அடிப்பவர்கள் உண்டு. எனக்கு அது பிடிக்காது, தீப்பிடிக்கும் பொருள். கேஸ்கட் ஓரத்தில் சில சொட்டு சோப்புத் தண்ணீர் விட்டு ஐடிலிங் மாறுகிறதா என்று கவனித்தாலே தெரியும்.

இங்கே இப்போதைய பெட்ரோலைப் பற்றியும் சொல்ல வேண்டும். 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் அறிமுகமாகி, 2025-இல் நாடு முழுக்கப் பரவிவிட்டது. ஒரு கிலோ சாதாரண பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். இந்தக் கலவைக்கு ஏறக்குறைய 13.5. புதிய வண்டிகளில் சென்சார் இருப்பதால் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக்கொள்ளும். கார்புரேட்டருக்கு அது தெரியாது, பழைய அளவையே ஊற்றும். ஆகவே முன்பு சரியாக ஓடிய வண்டியின் கலவை இப்போது காற்று மிகுந்ததாகிவிடுகிறது. பழைய ரப்பர் குழாய்களும் பம்ப் டயஃப்ரமும் எத்தனாலில் ஊறிக் கெட்டுப்போகும். மிக்ஸர் ஸ்க்ரூவைச் சற்றுத் திறப்பது, தேவைப்பட்டால் ஒரு அளவு பெரிய ஜெட், எத்தனால் தாங்கும் குழாய் ஆகியவை கார்புரேட்டரையே மாற்றுவதைவிடச் செலவு குறைந்த வேலைகள். கார்புரேட்டருக்கு அடியிலுள்ள வெப்பத்தடுப்புக் கட்டையும் தகரத் தடுப்பும் முந்தைய ரிப்பேரில் கழன்று போயிருக்கின்றனவா என்றும் பாருங்கள். ஏர் ஃபில்டர் டப்பாவில் கோடைக்கும் குளிருக்கும் மாற்றும் லீவர் இருந்தால் அது கோடைப் பக்கம் இருக்கட்டும்.

நிறுத்தாமல் முக்கால் மணி நேரம் ஓடிய பிறகு மிஸ்ஸிங் தொடங்கி, சைலன்ஸரில் வெடித்து, இருபது நிமிடம் ஆறவிட்டால் சரியாகிறதா? சோக் இழுத்தும் பயனில்லையா? இது காயில் அல்லது கண்டென்சர். காயிலுக்குள் உள்ள காப்பு சூட்டில் விட்டுக்கொடுத்து, ஆறியதும் பழைய நிலைக்கு வந்துவிடும். அதனால்தான் ஒர்க்ஷாப்பில் சோதித்தால் நன்றாகவே இருக்கும். கண்டென்சர் விலை குறைவு, அதை முதலில் மாற்றுங்கள். நன்றாக ஓடும் வேறொரு வண்டியின் காயிலை இரவல் வாங்கி ஒரு மதியம் ஓட்டிப் பார்த்த பிறகு புதிய காயில் வாங்கலாம். பாயிண்ட் இடைவெளியையும் அப்போதே பார்த்துவிடுவது நல்லது. ரேடியேட்டரில் தண்ணீர் குறைவது, ஃபேன் சுற்றாதது ஆகியவற்றைச் சொல்லவே தேவையில்லை. ஆனால் சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்காதீர்கள்.

டேப்பட் இறுக்கமாக இருந்தால் சூட்டில் வால்வு முழுதாக மூடாமல், ஐடிலிங்கிலும் ஒரே சீராக ஒரு சிலிண்டர் மட்டும் அடித்துக்கொண்டிருக்கும். அதைத் தள்ளிப்போட்டால் வால்வு கருகி, ஹெட்டைக் கழற்றும் வேலையாகிவிடும்.

ஆக, வண்டியை ஒர்க்ஷாப்புக்குக் கொண்டுபோவது காலையில் வேண்டாம். நன்றாக ஓடிய சூட்டோடு மதியம் கொண்டுபோங்கள். முன்பே பேசி வைத்து, மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டிக் காட்டுங்கள். முன்னாலா பின்னாலா, நிறுத்தி எடுத்த பிறகா ஓட்டத்திலா, சோக் இழுத்தால் என்ன ஆகிறது என்று நான்கு நாள் குறித்த தாளையும் கையில் கொடுங்கள்.

அதுவரை ஓட்டித்தான் ஆக வேண்டும் என்றால், ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஓட்டாதீர்கள். திருப்பி அடிக்கும் நெருப்பைத் தடுப்பது அந்த டப்பாதான். கார்புரேட்டர் வாயில் பெட்ரோல் ஊற்றி ஸ்டார்ட் செய்வது முகத்தைப் பொசுக்கிவிடும். வீட்டு சமையல் கேஸ் சிலிண்டரில் ஆம்னி ஓட்டுவது சட்டப்படி குற்றம். வெடிக்கும் வண்டியில் அதை வைத்திருப்பவர் பிள்ளைகளை ஏற்றவே கூடாது. டிரை பவுடர் தீயணைப்பான் ஒன்றை டிரைவர் கைக்கு எட்டும் இடத்தில் மாட்டுங்கள். சீட்டுக்கு அடியிலிருந்து புகையோ பெட்ரோல் வாடையோ வந்தால் சாவியை அணைத்து முதலில் ஆட்களை இறக்குங்கள். சீட்டை முழுதாகத் தூக்கிப் பார்க்காதீர்கள், காற்று புகுந்து தீ எழும்பும். விரல் அளவு இடைவெளி விட்டு அதன் வழியே பவுடரை அடியுங்கள்.