அடிவைக்கோல் யாருக்கு?

மழை விட்டதும் போரைப் பிரிப்பார்கள். நல்ல வைக்கோல் நிலக்காரர் தொழுவத்துக்கு. ஈரத்தில் கறுத்த அடிவைக்கோல், ‘எடுத்துக்கிட்டுப் போங்க’ என்று நம் தெருவுக்கு வரும்.

பூசணம் பிடித்த வைக்கோலில் பியூசேரியம் பூஞ்சையின் நஞ்சு இருக்கலாம். அதைத் தின்னும் மாட்டுக்கு, குறிப்பாக எருமைக்கு, வால்நுனி, காதுமடல், கால் எல்லாம் ரத்த ஓட்டமின்றி அழுகும். கால்நடை மருத்துவர்கள் இதை டெக்னாலா நோய் என்கிறார்கள். அஃப்ளாடாக்சின் என்ற இன்னொரு பூஞ்சை நஞ்சு பாலிலும் இறங்கும், காய்ச்சினாலும் போகாது.

கறுத்ததை உதறிக் காயவைத்தாலும் நஞ்சு தங்கும். ஒதுக்கிவிடுவோம்.

ஆனால் நல்ல வைக்கோலை விலைக்கு வாங்கினாலும், நிலமில்லாத நாம் அதை நனையாமல் எங்கே அடுக்குவது? காலனிக்கொரு மேடான பொதுக்களம், அதன்மேல் கூரை: ஜனவரி 26 கிராமசபையில் இதைத் தீர்மானமாக எழுதச் சொல்வோம். கறவை மாடுதான் நம் சேமிப்பு.