காலாண்டு முடிஞ்சாச்சு: மார்க்கோட சேர்த்து இந்த மூணையும் பாருங்க

காலாண்டுத் தேர்வு முடிந்துவிட்டது. வினாத்தாள்கள் பைக்குள் கசங்கிக் கிடக்கின்றன. பிள்ளைகள் தெருவில் விளையாடுகிறார்கள். பள்ளி திறந்ததும் ரேங்க் கார்டு கைக்கு வரும். "கணக்குல எவ்வளவு?" என்றுதான் நாம் முதலில் கேட்போம். கேட்க வேண்டியதுதான். ஆனால் குறைந்த மார்க்கை அரையாண்டில் ஏற்றிக்கொள்ளலாம். பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தாலோ, வங்கிக் கணக்கு முடங்கிக் கிடந்தாலோ, பிள்ளை கஷ்டப்பட்டுப் படித்துத் தேர்வாகியும் உதவித்தொகை வீட்டுக்கு வராமல் போகலாம்.

அதனால் இந்த விடுமுறையில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்க. பிள்ளையையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்க.

முடிந்த பருவத்தில் என்ன நடந்தது?

ஜூனில் பள்ளி திறந்தது. ஜூலை 15, காமராசர் பிறந்த நாள், கல்வி வளர்ச்சி நாளாகக் கொண்டாடப்பட்டது. பிறகு சுதந்திர தினக் கொடியேற்றம், செப்டம்பர் 5 ஆசிரியர் தினம், கடைசியாகக் காலாண்டுத் தேர்வு. இதற்கு நடுவே கலைத் திருவிழாவுக்கான ஆட்டமும் பாட்டும் ஓவியமும்.

தொடக்கப் பள்ளியில் படிக்கும் சின்னப் பிள்ளைகளுக்குக் காலை உணவு கிடைக்கிறது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய இந்தத் திட்டம், 1 முதல் 5-ஆம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கானது. "உங்க பிள்ளை தினமும் சாப்பிடுதா, பிடிச்சிருக்கா?" என்று ஒருநாள் விசாரித்துப் பாருங்க. குறை இருந்தால் பள்ளி மேலாண்மைக் குழுவில் சொல்லலாம்.

இந்தக் குழுவைப் பலரும் 'நமக்கு எதுக்கு' என்று விட்டுவிடுகிறோம். கல்வி உரிமைச் சட்டப்படி குழு உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்தான். பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும். கழிப்பறை, குடிநீர், சுற்றுச்சுவர் என எதுவானாலும் பேச வேண்டிய இடம் அது. உறுப்பினர் யார் என்று தெரியாவிட்டால் தலைமை ஆசிரியரிடம் கேளுங்க.

அடுத்து என்ன வருது?

நவம்பர் 14 குழந்தைகள் தினம். டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு, விடுமுறை. ஜனவரியில் பொங்கல், குடியரசு தினம். அதன் பிறகு பிளஸ் டூ பிள்ளைகளுக்குச் செய்முறைத் தேர்வு, தொடர்ந்து பொதுத்தேர்வுகள். கலைத் திருவிழாவில் பள்ளி அளவில் வென்றவர்கள் வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று மேலே போவார்கள். உங்க பிள்ளை தேர்வாகியிருந்தால், போட்டி நாளையும் இடத்தையும் வகுப்பாசிரியரிடம் முன்பே கேட்டு வையுங்க.

எந்த வகுப்புக்கு எந்தத் தேர்வு?

உதவித்தொகைத் தேர்வுகளின் தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும். விண்ணப்பிக்கக் கிடைக்கும் நாள்கள் குறைவு. அதனால் இப்பவே தெரிஞ்சு வைங்க.

8-ஆம் வகுப்பு: தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்பு உதவித்தொகைத் தேர்வு. அரசு, அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கானது. பெற்றோரின் ஆண்டு வருமானம் ரூ.3.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். தேர்வானால் 9 முதல் 12-ஆம் வகுப்பு வரை ஆண்டுக்கு ரூ.12,000. ஒரு முறை தேர்வானால் போதாது. ஒவ்வோர் ஆண்டும் தேசிய உதவித்தொகைத் தளத்தில் புதுப்பிக்க வேண்டும். இதை மறந்துதான் பல வீடுகளில் பணம் நின்றுபோகிறது.

9-ஆம் வகுப்பு: ஊரகத் திறனாய்வுத் தேர்வு. கிராமப்புறப் பள்ளிகளில் படிப்பவர்களுக்கு. தேர்வானால் பிளஸ் டூ வரை ஆண்டுக்கு ரூ.1,000.

11-ஆம் வகுப்பு: தமிழ் மொழி இலக்கியத் திறனறித் தேர்வு. 1,500 பேர் தேர்வாகிறார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் ரூ.1,500. தேர்வாகிறவர்களில் பாதிப்பேர் அரசுப் பள்ளி மாணவர்கள்.

12-ஆம் வகுப்பு: கல்லூரியில் சேரும் பெண்களுக்குப் புதுமைப்பெண், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன், மாதம் ரூ.1,000. மருத்துவம் உள்ளிட்ட படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு ஒதுக்கீடும் உண்டு. இதற்கெல்லாம் 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை எங்கே படித்தார் என்ற விவரம் கேட்கப்படும். நடுவில் பள்ளி மாறியிருந்தால், பழைய பள்ளியின் படிப்புச் சான்றை இப்பவே வாங்கி வைப்பது நல்லது.

சரி, பார்க்க வேண்டிய அந்த மூணு என்ன?

ஒன்று, பெயரும் பிறந்த தேதியும். பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளிப் பதிவேடு மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்க. எழுத்து, இனிஷியல், பிறந்த தேதி எல்லாம் ஒத்துப்போக வேண்டும். 10-ஆம் வகுப்பில் இது ரொம்ப முக்கியம். பொதுத்தேர்வுக்கான பெயர்ப்பட்டியல் பள்ளியிலிருந்து போகிறது. அதில் உள்ளதுதான் மதிப்பெண் சான்றிதழில் அச்சாகும். பட்டியலைக் காட்டிப் பெற்றோரிடம் கையெழுத்து கேட்டால், படித்துப் பார்த்துவிட்டுப் போடுங்க. அப்போது ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடக்கூடிய திருத்தத்துக்கு, சான்றிதழ் வந்த பிறகு மாதக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும்.

இரண்டு, ஆதார் புதுப்பிப்பு. குழந்தைக்கு 5 வயது ஆனதும், பிறகு 15 வயது ஆனதும், கைரேகையும் கருவிழியும் பதிவு செய்ய வேண்டும். 5 முதல் 7 வயதுக்குள்ளும், 15 முதல் 17 வயதுக்குள்ளும் செய்தால் கட்டணம் இல்லை. இதைச் செய்யாமல் விட்டால், நுழைவுத்தேர்வு, உதவித்தொகை விண்ணப்ப நேரத்தில் சரிபார்ப்பு நடக்காமல் போகலாம். பள்ளிகளிலேயே ஆதார் முகாம் நடப்பதும் உண்டு. உங்க பள்ளியில் எப்போது என்று கேளுங்க.

மூன்று, வங்கிக் கணக்கு. உதவித்தொகை பல, பிள்ளையின் ஆதாருடன் இணைந்த கணக்குக்குத்தான் நேராக வருகிறது. "பாஸ்புக் இருக்கே" என்றால் மட்டும் போதாது. இரண்டு ஆண்டுக்கு மேல் பணம் போடவும் இல்லை, எடுக்கவும் இல்லை என்றால் அந்தக் கணக்கு செயல்படாத கணக்காகிவிடும். வங்கிக்குப் போய் ஆதார், புகைப்படம் கொடுத்து மீண்டும் இயங்க வைக்கலாம். ஆதாருடன் எந்த வங்கி இணைந்திருக்கிறது என்பதை மைஆதார் தளத்தில், ஆதாரில் பதிவான செல்போன் எண்ணுக்கு வரும் ஓ.டி.பி. கொடுத்துப் பார்க்கலாம். பிள்ளையின் ஆதாரில் உங்கள் பழைய எண் இருந்தால், அதை முதலில் மாற்றுங்க.

சான்றிதழ்கள் தயாரா?

சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் ஆகியவற்றை இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். ஒவ்வொன்றுக்கும் சேவைக் கட்டணம் ரூ.60. செல்போனிலிருந்தே விண்ணப்பிக்க நினைத்தால், இ-சேவை இணையதளத்தில் பொதுமக்களுக்கான பகுதியில் பதிவு செய்துகொள்ளலாம். வருமானச் சான்றிதழ் ஓராண்டுக்குத்தான் செல்லும் என்பதை மறக்க வேண்டாம். மே, ஜூனில் எல்லாரும் ஒரே நேரத்தில் விண்ணப்பிப்பார்கள். முன்கூட்டியே கொடுத்தால் கடைசி நேர அலைச்சல் இல்லை.

தெரியாமலே விட்டுவிடும் ஓர் உதவி

சம்பாதிக்கும் அப்பாவோ அம்மாவோ விபத்தில் இறந்துவிட்டால், அல்லது நிரந்தரமாக முடங்கிவிட்டால், அரசு, அரசு உதவி பெறும் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு ரூ.75,000 நிதியுதவி உண்டு. விண்ணப்பம் பள்ளி வழியாகப் போகும். துக்கத்தில் இருக்கும் குடும்பத்துக்கு இதெல்லாம் நினைவுக்கு வராது. பக்கத்து வீட்டில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால், நீங்கதான் எடுத்துச் சொல்லணும்.

ஒரு எச்சரிக்கை

"உங்க பிள்ளைக்கு ஸ்காலர்ஷிப் வந்திருக்கு, ஓ.டி.பி. சொல்லுங்க" என்று யாராவது போன் செய்தால் உடனே துண்டித்துவிடுங்க. வாட்ஸ்அப்பில் வரும் க்யூ.ஆர். கோடை ஸ்கேன் செய்யாதீங்க. உதவித்தொகை தர எந்த அலுவலகமும் போனில் ஓ.டி.பி. கேட்காது. பணம் போய்விட்டால் தயங்காமல் 1930 என்ற எண்ணுக்குச் சொல்லுங்க.

படிப்பு, பள்ளி, தேர்வு பற்றிய சந்தேகங்களுக்கு 14417. பிள்ளைகளின் பாதுகாப்புக்கு 1098. இந்த மூன்று எண்களையும் போனில் சேமித்து வையுங்க. பள்ளி திறக்கும் நாளில் ரேங்க் கார்டில் கையெழுத்து போடும்போது, "டீச்சர், பதிவேட்டுல பேரு, தேதி எல்லாம் சரியா இருக்கான்னு ஒருதடவை காட்டுங்க" என்றும் கேட்டுவிடுங்க.