ஓட்டுக் கணக்கு – 14: மடத்துக்குளத்தின் 176

மடத்துக்குளத்தின் மூன்று சட்டமன்றத் தேர்தல் கதையைப் போன வாரமே சொல்லியாயிற்று. 2011இல் அ.தி.மு.க.வின் சண்முகவேலு, 2016இல் தி.மு.க.வின் ஜெயராமகிருஷ்ணன், 2021இல் அ.தி.மு.க.வின் மகேந்திரன். தவறவிட்டவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளுங்கள். இங்கே இடம் கம்மி.

இந்த வாரம் தொகுதி மக்களைப் பற்றி, அவர்களின் சாதி, மொழி, தொழில் எல்லாம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். எழுதத்தான் உட்கார்ந்தேன். 176 என்ற எண் குறுக்கே வந்து நின்றுகொண்டது. மூன்று நாளாக அதன் பின்னால்தான் அலைகிறேன். ஆசிரியர் இரண்டு முறை ஃபோன் செய்துவிட்டார்.

குடியரசுத் தலைவர் தேர்தலில் மடத்துக்குளம் ஓட்டுப் போடுகிறதா? போடுகிறது. ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை, ஒட்டுமொத்தத் தொகுதிக்கும் சேர்த்து ஒரே ஓட்டு. அதைப் போடுபவர் எம்.எல்.ஏ. இடம் சென்னைக் கோட்டை. எம்.பி.க்குப் பச்சைச் சீட்டு, எம்.எல்.ஏ.வுக்கு இளஞ்சிவப்பு. சின்னம் கிடையாது, முத்திரை கிடையாது. தேர்தல் ஆணையம் தருகிற ஊதா மைப் பேனாவால் பெயருக்கு நேரே 1, 2 என்று விருப்ப வரிசையை எழுத வேண்டும். அப்படிப் போட்ட ஒற்றை ஓட்டு, எண்ணும்போது 176 ஆகிவிடுகிறது.

176 எங்கிருந்து வந்தது என்பதில்தான் சுவாரசியம். 1971 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மக்கள் 4,11,99,168 பேர். அதை 234 தொகுதிக்கும் பங்கிட்டு, ஆயிரத்தால் வகுத்தால் 176. ஒரு தொகுதிக்கு மீதி விழுகிற துக்கடா ஐந்நூறுக்குக் குறைவாக இருந்தால் அரசியலமைப்பு அதைத் தள்ளிவிடச் சொல்கிறது. எவ்வளவு துக்கடா என்று பெருக்கிப் பார்த்தேன். 234 தரம் 1,76,000 என்றால் 4,11,84,000. ஆக 15,168 பேர் கணக்கிலிருந்தே கழன்று விழுந்துவிட்டார்கள். ஒரு சின்னப் பேரூராட்சிக்குப் போதுமான ஜனம்! அவர்கள் எந்த ஊர்க்காரர்கள் என்று யாரும் சொல்ல முடியாது என்பதுதான் இதன் அழகு.

இன்னொன்றையும் கவனியுங்கள். 1971இல் மடத்துக்குளம் என்று ஒரு தொகுதியே கிடையாது. 2008 மறுசீரமைப்பில்தான் அந்தப் பெயர் வந்தது, 2011இல்தான் முதல் தேர்தல். திருப்பூர் மாவட்டமே 2009இல்தான் நடைமுறைக்கு வந்தது. தொகுதியும் மாவட்டமும் பிறப்பதற்கு முப்பது, நாற்பது வருஷம் முந்தைய ஜனத்தொகையை வைத்து இன்றைக்கும் அதன் ஓட்டுக்கு விலை போட்டுக்கொண்டிருக்கிறோம். பாட்டி காலத்து ரேஷன் கார்டைக் காட்டிப் பேரன் சர்க்கரை வாங்குவது மாதிரி.

காரணம் தெரிந்ததுதான். 1976இல் 42ஆம் திருத்தம் 1971 எண்ணிக்கையைக் கெடு வைத்து உறையவைத்தது. குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செய்த மாநிலத்தின் பலம் குறைந்துவிடக் கூடாது என்று சொன்னார்கள். அந்தக் கெடு முடிகிற நேரத்தில் 84ஆம் திருத்தம் வந்து, 2026க்குப் பிந்தைய முதல் கணக்கெடுப்பு வெளியாகும்வரை நீட்டிவிட்டது.

சரி, இந்த 176 இதுவரை எங்கே போனது? தொகுதி பிறந்த பிறகு மூன்று குடியரசுத் தலைவர் தேர்தல்கள்: 2012 ஜூலை 19, 2017 ஜூலை 17, 2022 ஜூலை 18. மூன்றுமே ஆடி பிறந்த கையோடு. நல்ல காரியத்துக்கு ஆடியைத் தவிர்க்கிற கொங்குநாட்டில் யாரும் இதற்கு ஆட்சேபம் சொன்னதாகத் தெரியவில்லை.

2012இல் அ.தி.மு.க. எடுத்த முடிவு சங்மாவுக்கு. ஜெயித்தவர் பிரணாப் முகர்ஜி. 2017இல் தி.மு.க.வின் முடிவு மீரா குமாருக்கு. ஜெயித்தவர் கோவிந்த். 2022இல் அ.தி.மு.க.வின் முடிவு முர்முவுக்கு. அவர் 6,76,803க்கு 3,80,177 என்று யஷ்வந்த் சின்காவை ஜெயித்தார். கட்சி சொன்னபடியே ஓட்டு விழுந்திருந்தால், இரண்டு முறை தோற்றவர் பக்கம், ஒரு முறை ஜெயித்தவர் பக்கம்.

‘விழுந்திருந்தால்’ என்று நான் இழுப்பதற்குக் காரணம் உண்டு. இந்தத் தேர்தலில் கொறடா உத்தரவு செல்லாது. கட்சித் தாவல் தடைச் சட்டம் கிட்டே வராது. ஓட்டு முழு ரகசியம். 2022இல் கேரளத்தின் 140 எம்.எல்.ஏ.க்களும் சின்காவுக்குத்தான் போடுவார்கள் என்று எல்லோரும் நினைத்திருக்க, ஒரு சீட்டு மட்டும் முர்முவுக்கு விழுந்திருந்தது. அமராவதியைத் தாண்டிச் சின்னாறு சோதனைச்சாவடி வழியாகப் போனால் அந்தப் பக்கம் கேரளம். அங்கே அந்த ஒருவர் நான்தான் என்று யாரும் ஒப்புக்கொண்டதாகத் தெரியவில்லை.

2017இல் மடத்துக்குளத்தின் 176 தி.மு.க. பக்கம் இருந்ததே பெரிய விஷயம். 2016 தேர்தலில் மாவட்டத்திலேயே தி.மு.க. ஜெயித்த ஒரே தொகுதி இதுதான் (தாராபுரம் கூட்டணிக் காங்கிரஸுக்குப் போனது). வித்தியாசம் 1,667 ஓட்டு. அதாவது 834 பேர் மனசு மாறி எதிர்ப்பக்கம் குத்தியிருந்தால், கோட்டையில் விழுந்த சீட்டைப் போட்டவரே வேறு ஆளாக இருந்திருப்பார். கணியூரில் ஒரு டீக்கடையில் இதைச் சொன்னேன். பெரியவர் ஒருவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “ஏனுங்க, அப்ப ஜனாதிபதிக்கு நானும் ஓட்டுப் போட்டிருக்கறனுங்களா?” என்றார். போட்டிருக்கிறீர்கள் என்றேன். “யாருக்குங்க?” என்று அவர் கேட்டதற்குப் பதில் சொல்ல எனக்கு ரொம்ப நேரம் பிடித்தது.

அதே 2017 தேர்தலில் தமிழ்நாட்டில் விழாமல் போனவை இரண்டு 176. ஒன்று ஆர்.கே.நகர், ஜெயலலிதா மறைந்து தொகுதி காலியாக இருந்தது. இன்னொன்று திருவாரூர், உடல்நிலை காரணமாகக் கருணாநிதி வரவில்லை. அரை நூற்றாண்டு டெல்லிக் கணக்கை எல்லாம் போட்டுப் பார்த்த இரண்டு தலைவர்களின் தொகுதிக்கும் அன்றைக்குக் கணக்கில் பூஜ்யம். இதற்கும் மடத்துக்குளத்துக்கும் சம்பந்தமில்லைதான். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சம்பந்தமுள்ளது மகேந்திரன் கதை. 2014இல் பொள்ளாச்சி எம்.பி. ஆனவர். மடத்துக்குளம் அந்த மக்களவைத் தொகுதிக்குள்தான் வருகிறது. எனவே 2017இல் அவர் கையில் இருந்தது பச்சைச் சீட்டு, மதிப்பு 708. 2019இல் தோற்று, 2021இல் மடத்துக்குளத்தில் 6,438 ஓட்டில் ஜெயித்து எம்.எல்.ஏ. ஆனார். 2022இல் இளஞ்சிவப்புச் சீட்டு, மதிப்பு 176. ஆள் ஒருவர், கட்சி ஒன்று, இரண்டு முறையும் கட்சி நின்றது பா.ஜ.க. வேட்பாளர் பக்கம். எடை மட்டும் நாலில் ஒரு பங்காகிவிட்டது.

அவர் எம்.பி.யாகவே நீடித்திருந்தாலும் 708 கிடைத்திருக்காது, 700தான். எம்.பி.யின் மதிப்பு, நாட்டிலுள்ள எம்.எல்.ஏ.க்களின் மொத்த மதிப்பை எம்.பி.க்களுக்குப் பங்கிட்டு வருவது. 2022இல் ஜம்மு காஷ்மீருக்குச் சட்டமன்றம் இல்லை. அங்கிருந்த 87 பேரின் ஆளுக்கு 72 காணாமல் போனதால், பொள்ளாச்சி எம்.பி.க்கும் எட்டு குறைந்தது. ஸ்ரீநகரில் பூட்டிய கதவுக்குப் பொள்ளாச்சியில் எடை குறைகிறது!

இப்போது ஜனங்களுக்கு வருகிறேன், கொஞ்சமாவது. கொங்கு வேளாளர், தேவேந்திரர், அருந்ததியர், தெலுங்கு பேசும் நாயுடு, நாயக்கர், கன்னடம் பேசும் தேவாங்கர் என்று உள்ளூர்ப் பட்டியல் நீளம். அதோடு நூல் மில் விடுதிகளில் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் பையன்கள். பலருக்கு ஓட்டு ஊரில்தான். ஜார்க்கண்ட் எம்.எல்.ஏ.வின் மதிப்பு எவ்வளவு என்று பார்த்தபோதுதான் நான் நாற்காலியை விட்டு எழுந்தேன். அதுவும் 176! உத்தரப் பிரதேசத்தின் 208க்கு அடுத்து இந்த இரண்டு மாநிலம்தான். ரிங் ஸ்பின்னிங் எந்திரம் ஓட்டுகிற பையனின் எம்.எல்.ஏ.வும், அந்த மில் நிற்கிற ஊரின் எம்.எல்.ஏ.வும் ராஷ்டிரபதி பவன் தராசில் சமம்.

இந்தச் சமம் 1971இன் தயவு. அதே சூத்திரத்தில் 2011 கணக்கெடுப்பைப் போட்டுப் பார்த்தேன். தமிழ்நாடு 308. ஜார்க்கண்ட் 407. பீகார் 428. உத்தரப் பிரதேசம் 496. கேரளம் 239. எல்லாமே ஏறுகின்றன, ஆனால் ஏறுகிற வேகம் வேறு. பிள்ளைகளைக் குறைத்துக்கொண்ட ஊரில் மில்லுக்கு ஆள் இல்லை. ஆள் அனுப்புகிற ஊருக்கு ஓட்டு எடை கூடுகிறது. அமெரிக்காவில் இந்த எடை மாற்றத்தைப் பத்து வருஷத்துக்கொரு முறை கூசாமல் செய்கிறார்கள். 2020 கணக்கெடுப்புக்குப் பிறகு அதிபரைத் தேர்ந்தெடுக்கும் பிரதிநிதிகளில் டெக்சாஸுக்கு இரண்டு பேர் கூடினார்கள், கலிஃபோர்னியாவுக்கு ஒருவர் குறைந்தார். நாம் ஐம்பது வருஷத்து வித்தியாசத்தை ஒரே நாளில் பார்க்கப்போகிறோம். எனக்கு இதில் பயம்தான். உறைந்த எண் நியாயமானது என்று வாதாடவும் வாய் வரவில்லை.

இங்கே நிறுத்தியிருக்கலாம். நேற்றிரவு நாட்காட்டியைப் பார்த்தேன். 2026க்குப் பிந்தைய அந்த முதல் கணக்கெடுப்பின் குறிப்பு நாள் 2027 மார்ச் 1. முர்முவின் பதவிக்காலம் முடிவது 2027 ஜூலை. அரசியலமைப்பு கேட்பது, கணக்கெடுப்பின் எண்கள் ‘வெளியிடப்பட்டனவா’ என்பதை மட்டும்தான். 2011இல் தற்காலிக எண்கள் மார்ச் 31ஆம் தேதியே வந்துவிட்டன, இறுதி எண்கள் வர 2013 ஆயிற்று. 2027 ஆடியில் கோட்டைக்குப் போகிற மடத்துக்குளம் எம்.எல்.ஏ. கையில் இருக்கப்போவது பழைய 176ஆ, புது எண்ணா? தற்காலிக எண் வந்தால் அது வெளியீட்டுக் கணக்கில் சேருமா? இதை அடுத்த வாரம் பார்ப்போம். அமராவதிப் பாசனம், கிருஷ்ணாபுரம் சர்க்கரை ஆலை, மலைக்காட்டுக் குடியிருப்புகள் எல்லாம் அதற்கடுத்த வாரம். ஆசிரியரிடம் நானே சொல்லிக்கொள்கிறேன்.