7805 ரெகுலேட்டர்: பாதுகாப்பு யாருக்கு?

பொழுதுபோக்காக எலக்ட்ரானிக்ஸ் பழகுபவர்கள் முதலில் வாங்கும் பாகங்களில் ஒன்று 7805. மூன்றே கால்கள், 35 வோல்ட் என்ற உச்சவரம்புக்குள் ஏழு வோல்ட்டுக்குக் குறையாமல் எதைக் கொடுத்தாலும் 5 வோல்ட் தரும். சூடு மீறினால் தானே அணையும், மின்னோட்டம் மீறினால் தானே கட்டுப்படுத்தும். அதனால் இது எரியவே எரியாது என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. ஆனால் அந்த ஏற்பாடுகள் காப்பாற்றுவது ரெகுலேட்டரை மட்டுமே. அதை நம்பி நிற்கும் போர்டையும், அதைத் தொடும் விரலையும் காப்பது நாம் போடும் கணக்குதான்.

இந்த வகை ரெகுலேட்டர் மிச்ச வோல்டேஜை வெப்பமாக்கித் தள்ளிவிடுகிறது. 12 வோல்ட் அடாப்டரில் இருந்து 5 வோல்ட்டில் அரை ஆம்பியர் எடுத்தால், மீதி 7 வோல்ட்டை அரையால் பெருக்க 3.5 வாட் வெப்பம். ஹீட் சிங்க் இல்லாத வழக்கமான டிஓ-220 உறையில் வாட் ஒன்றுக்குச் சுமார் 65 டிகிரி ஏறும். உள்ளிருக்கும் சிலிக்கானின் வரம்போ பொதுவாக 125 டிகிரி. அறையே 40 டிகிரியில் கொதிக்கும் கோடையில் 1.3 வாட்டிலேயே அந்த வரம்பு வந்துவிடும். ஆகவே ஹீட் சிங்க் இல்லையென்றால் ஒரு வாட்டுக்குள் நிற்பதே நல்லது. 12 வோல்ட்டில் அது சுமார் 140 மில்லி ஆம்பியர்தான். டிரான்ஸ்பார்மர் வைப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 12 வோல்ட் ஏசியை பிரிட்ஜ் டயோடு வழியே கெப்பாசிட்டரில் சேர்த்தால் கிடைப்பது 15 வோல்ட்டுக்கு மேல். வெப்பமும் அதற்கேற்பக் கூடும்.

சூடானால் தானே அணைந்துவிடுமே, பிறகென்ன என்று கேட்கலாம். அணையும், ஆறியதும் மறுபடி உயிர் பெறும். மைக்ரோகன்ட்ரோலர் திரும்பத் திரும்ப ரீசெட் ஆகும், பழி புரோகிராம் மேல் விழும். இதைவிட ஆபத்து, அந்தத் தற்காப்பு எட்டாத பழுதுகள். பிரெட்போர்டில் கிரவுண்டு கால் மட்டும் லூசானால் வெளியீடு உள்ளீட்டு வோல்டேஜை நெருங்கி எகிறும். 6 வோல்ட்டுக்கு மேல் தாங்காத ஏடிமெகா328 போன்ற சில்லு பலியாகும். வெளியீட்டில் பெரிய கெப்பாசிட்டர் இருந்து உள்ளீடு ஷார்ட் ஆனால் மின்னோட்டம் பின்வழியே பாய்ந்து ரெகுலேட்டரையே கெடுக்கும். பரிகாரம் எளிது: வெளியீட்டிலிருந்து உள்ளீட்டுக்கு ஒரு 1என்4007 டயோடு, உள்ளீட்டில் ஃபியூஸ், சில்லை இணைக்குமுன் மல்டிமீட்டரில் ஒரு சோதனை. எதிர்மறை வோல்டேஜ் தரும் 7905-ன் கால் வரிசை வேறு, அதன் உலோக முதுகு கிரவுண்டு அல்ல என்பதையும் மறக்கக் கூடாது.

வெப்பம் குறைவான பக் கன்வெர்ட்டர் இருக்க இது எதற்கு என்பாரும் உண்டு. மின்னோட்டம் அதிகமென்றால் அவர்கள் சொல்வது சரி. ஆனால் சில மில்லி ஆம்பியர் போதுமான சென்சாருக்கும் ஆடியோ சர்க்யூட்டுக்கும் ஸ்விட்சிங் இரைச்சல் இல்லாத 7805 பொருத்தமானது. எதைத் தேர்ந்தாலும் 230 வோல்ட் பக்கத்தில் நாமே கை வைக்காமல், பிஐஎஸ் பதிவு பெற்ற அடாப்டரிலிருந்து மின்சாரம் எடுப்பதே முறை. அதன் மேலிருக்கும் 'ஆர்' எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் சரிபார்க்கலாம்.

சில ரூபாய் பாகத்துக்கு நுகர்வோர் உரிமை பேசுவதா என்று சிலர் சிரிக்கலாம். போலிச் சில்லோ தரமற்ற அடாப்டரோ அதன் விலையைப் போலப் பல மடங்கு மதிப்புள்ள போர்டை எரித்துவிடும். 2019-ன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தர மறுப்பதே நியாயமற்ற வணிக நடைமுறை. பழுதான பொருளைப் பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு இல்லையேல் 30 நாளுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதும் அப்படியே. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். தீராவிட்டால் இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடுக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான கொள்முதலுக்குக் கட்டணம் இல்லை. மறுவிற்பனைக்கு வாங்கியவருக்கு இந்த வழி திறக்காது. டேட்டாஷீட் வரம்பை மீறிப் பயன்படுத்தியவரின் வாதமும் நிற்பது கடினம். எனவே பில்லோடு வோல்டேஜ், மின்னோட்டம், வாட் கணக்கையும் எழுதி வைத்தால், தவறு பொருளுடையதே என்று காட்ட அதுவே ஆதாரமாகும்.