பழைய அரசிதழை எந்த மாவட்டத்தில் தேடுவது?



பள்ளிவாசல், தர்கா, கபர்ஸ்தான் நிலங்களுக்கு முக்கிய ஆதாரங்களில் ஒன்று அரசிதழ் அறிவிப்பு. சர்வே செய்த வக்ஃபுகளின் பட்டியலை அரசிதழில் வெளியிட வேண்டும் என்று 1954ஆம் ஆண்டு வக்ஃபு சட்டமே கூறியது.

அதைத் தேடும்போது ஒன்றைக் கவனியுங்கள். கிருஷ்ணகிரி மாவட்டம் 2004இல்தான் உருவானது. அதற்கு முன் நாம் தருமபுரி மாவட்டம். 1965க்கு முன் சேலம் மாவட்டம். 1969 வரை மாநிலத்தின் பெயரும் மெட்ராஸ்தான். ஆகவே கிருஷ்ணகிரி என்று மட்டும் தேடிவிட்டு, 'நம் கபர்ஸ்தான் பட்டியலில் இல்லை' என்று முடிவு செய்துவிடாதீர்கள். அத்திப்பள்ளிக்கு அப்பால் உள்ள சொத்துக்குக் கர்நாடக அரசிதழைப் பார்க்க வேண்டும்.

மத்திய அரசின் சட்டங்கள் 'இந்தியா கோட்' இணையதளத்திலும், மத்திய அரசிதழ் 'இ-கெஜட்' தளத்திலும் இலவசமாகக் கிடைக்கின்றன. இணையத்தில் கிடைக்காத பழைய இதழ்களுக்குச் சென்னை எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது.

2025 திருத்தச் சட்டம் வக்ஃபு விவரங்களை 'உமீத்' தளத்தில் பதியச் சொல்கிறது. நிலத்தின் எல்லையும் பயன்பாடும் அங்கே கேட்கப்படுகின்றன. எனவே கிடைத்த அறிவிப்பை உடனே பதிவிறக்கி, ஒரு பிரதியை ஜமாஅத்திலும் ஒன்றை முத்தவல்லியிடமும் வையுங்கள். கடனைக்கூட எழுதி வைக்கச் சொல்கிறது அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம். வக்ஃபோ அல்லாஹ்வுக்காக விடப்பட்ட அமானிதம்.

சர்வே எண்ணுடன் அலுவலகத்துக்கு வாருங்கள். இன்ஷா அல்லாஹ், சேர்ந்து தேடுவோம்.